ஆற்றங்கரையில் களை பறித்தவர்

"நாப்பது வகை மரம் நட்டேன், தாயி. பதினொண்ணுதான் நிக்குது. மண்ணு சரியில்லையா, என் கை சரியில்லையா?"

கேட்டவர் தவசியப்பன் மேஸ்திரி. வயது அறுபத்திரண்டு. தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தேழு வருஷம் ஆட்களை வேலை வாங்கி ஓய்வு பெற்றவர்.

கேட்கப்பட்டவள் தெய்வானை. மேஸ்திரியின் கடைசி மகளைவிட இரண்டு வயது இளையவள். மேல் சோலையின் ஓரத்தில் காட்டு மரங்களுக்கு நாற்றுப் பண்ணை வைத்திருந்தாள். யாராவது குரு என்று சொன்னால் சிரித்துவிடுவாள். ஆனால் மேஸ்திரி வாரம் தவறாமல் அவளைத் தேடி மலையேறி வந்தார். வந்தால் தரையில் உட்கார்ந்துதான் பேசுவார்.

அவள் பழச்சதையைக் கழுவி விதையைத் தனியே எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"களை பறிக்கிறீங்களா?"

"என்ன கேள்வி இது? தினமும் பறிக்கிறேன். என் கரையில ஒரு புல்லைப் பார்த்துட முடியுமா?"

அது உண்மைதான். தவசியப்பன் களை பறித்த இடத்தில் கோழி கிளறினால் ஏமாந்துதான் போகும்.

"நாளைக்குப் பறிக்கிறதை எனக்குக் கொண்டுவாங்க."

"களையை வெச்சு நீ என்ன பண்ணப்போற?"

அவள் அடுத்த விதையை எடுத்தாள்.

*

தோட்டத்து ஆற்றின் மேல்கோடியில் ஒரு சோலை இருந்தது. கீழ்க்கோடியில் ஒரு சோலை இருந்தது. நடுவில் ஒரு மைல் தூரம் தேயிலை.

முன்பு எல்லாம் ஒரே காடு. துண்டாக்கிய பிறகு இரண்டு சோலையிலும் செடி வகைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. வெட்டியவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. வெட்டுகிறவர்கள் என்றைக்குக் கவனித்தார்கள்?

மேஸ்திரி ஓய்வு பெற்ற அன்று மேனேஜர் துரை சால்வை போர்த்தி, என்ன வேண்டும் என்று கேட்டார். மேஸ்திரி ஆற்றோரமாக ஒரு மைல் நீளமும் நாற்பதடி அகலமும் உள்ள கரையைக் கேட்டார். இரண்டு சோலையையும் சேர்த்துவிட வேண்டும் என்றார்.

துரை கெட்டவர் இல்லை. ஆனால் தோட்டம் நடத்துகிறவர்.

"மூணு வருஷம் தர்றேன், மேஸ்திரி. அதுக்குள்ள முப்பது வகைக் காட்டு மரம் உயிரோட நிக்கணும். இல்லேன்னா கரை முழுக்கத் தைல மரம் வெச்சுடுவேன். பாக்டரி அடுப்புக்கு விறகு பத்தலை."

தைல மரம் வந்தால் அதன் கீழே வேறொன்றும் எழுந்திருக்காது. இது மேஸ்திரிக்கும் தெரியும், துரைக்கும் தெரியும்.

இரண்டு வருஷமும் நாலு மாதமும் போய்விட்டன.

*

மறுநாள் அவர் கொழுந்துக் கூடை நிறையக் களை கொண்டுவந்தார்.

தெய்வானை அதைச் சாக்கில் கொட்டினாள். பாதியை எடுத்துக் குப்பையில் போட்டாள். மீதி எல்லாம் விரல் நீளத் தளிர்கள், வேர் அறுந்தவை. ஒவ்வொன்றையும் ஒரு நாற்றுப் பையில் நட்டுத் தண்ணீர் ஊற்றினாள்.

மேஸ்திரி வாயைத் திறந்தபடி பார்த்தார்.

"தாயி, களையையா நடுற?"

"ஆமா."

"உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"பை மிச்சம் கிடக்கு."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

அடுத்த வாரம் வந்தபோது பைகளில் பெரும்பாலானவை வாடிக் கிடந்தன. நாலு மட்டும் பிழைத்திருந்தன. அவள் அதில் ஒன்றை அவர் முன்னால் நகர்த்தினாள். இரண்டே இலை.

"இது யாரு?"

"களை."

"பேரு?"

"களைக்குப் பேரு வேறயா?"

"இனிமே பேரைச் சொல்லிட்டுப் பறிங்க, மேஸ்திரி. பேரு தெரியாததுல கை வைக்காதீங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

இதற்காகவா மூன்று மைல் ஏறி வந்தோம் என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது.

*

ஆனாலும் சொன்னபடி செய்தார்.

கரையில் குந்தினார். "உன்னி" என்றார். பிடுங்கினார். "தொட்டாச்சிணுங்கி" என்றார். பிடுங்கினார்.

மூன்றாவதற்குக் கை நீண்டது. வாய் திறந்தது. பேர் வரவில்லை.

முப்பத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கை அந்தரத்தில் நின்றது.

நாலாவதும் அப்படியே. ஐந்தாவதும் அப்படியே. மத்தியானத்துக்குள் அவர் பறித்தது இரண்டு கைப்பிடி. இடுப்பு வலிக்கவில்லை. வேலை செய்த மாதிரியே இல்லை. அதுதான் அவருக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

மழை பிடித்தது. கரை தலைவாராத பிள்ளை மாதிரி ஆயிற்று.

மேட்டில் கொழுந்து பறிக்கிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அதில் சவரியம்மாவுக்கு இருபது வருஷப் பாக்கி இருந்தது.

"ஒரு புல்லு விட்டுட்டேன்னு என்னைத் திரும்ப மேட்டுக்கு ஏத்தினீங்களே, மேஸ்திரி! இப்ப உங்க கரையில யானை படுத்திருந்தாக்கூட தெரியாது போலிருக்கே!"

எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலமே ஓர் இலையைக் கிள்ளி எடுத்துக்கொண்டு மலையேறினார்.

"இதுக்கு என்ன பேரு?"

"தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"பிடுங்கிடுவேன்! மானம் போகுது."

"அப்ப சொல்லமாட்டேன்."

மேஸ்திரி எழுந்து நின்றுவிட்டார். குரல் தோட்டத்து மணி மாதிரி கிளம்பியது.

"ஏழு மாசம்கூட இல்லை. இன்னும் பத்தொன்பது வகை குறையுது. வழி கேட்டா விளையாட்டுக் காட்டுற! எனக்கு ஒண்ணும் சொல்லித்தர வேணாம். பத்தொன்பது வகை நாத்தாவது குடு, நட்டுக்கிறேன்."

"நாத்து இல்லை."

அவள் முதுகுக்குப் பின்னால் நாலாயிரம் நாற்று நின்றது. மேஸ்திரி அதைப் பார்த்தார். அவளும் திரும்பிப் பார்த்தாள்.

"இல்லை" என்றாள் மறுபடியும்.

இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

அடுத்த வாரம் வந்தார்.

*

அன்று அவள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். முன்னால் நடந்தாள். இரண்டு பேரும் இறங்கிக் கரைக்கு வந்து ஒரு பாறையில் உட்கார்ந்தார்கள்.

ஒரு மணி நேரம் போயிற்று. மேஸ்திரி தொண்டையைச் செருமினார். அவள் விரலை வாயில் வைத்தாள்.

மேல் சோலையிலிருந்து ஒரு குக்குறுவான் பறந்து வந்தது. மேஸ்திரி நட்ட வட்டக்கண்ணி மரத்தில் உட்கார்ந்தது. அலகைக் கிளையில் துடைத்தது. எச்சம் போட்டது. கீழ் சோலைக்குப் பறந்து போனது.

"பார்த்தீங்களா?"

"எச்சம் போட்டுட்டுப் போகுது."

"ஆமா."

முன்பெல்லாம் இந்த ஒரு மைல் தேயிலையைத் தாண்ட அது வந்ததே இல்லை. உட்கார ஒரு கிளை வேண்டுமே.

மேஸ்திரி மெதுவாக எழுந்தார். மரத்தடிக்குப் போய்க் குனிந்தார். எச்சத்தில் மூன்று விதைகள் இருந்தன. பக்கத்திலேயே பேர் தெரியாத தளிர்கள் அரை அடி உயரத்தில் நின்றன. அவர் விட்டுவைத்தவை. ஒன்று இரண்டு என்று எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டார்.

இந்த மரத்தடியைத்தான் அவர் மற்ற எல்லா இடத்தையும்விடச் சுத்தமாக வைத்திருந்தார். இரண்டு வருஷமும் நாலு மாதமும்.

"தாயி, அப்ப நான் இத்தனை நாளா..."

தலையில் கைவைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார்.

தெய்வானை ஆற்றில் முகம் கழுவிக்கொண்டு மேலே ஏறிப் போனாள்.

*

மார்கழியில் ஒரு காலை துரை ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் நோட்டு.

மேஸ்திரி நட்டவற்றைத் துரை முதலில் எண்ணினார். பதினொன்று. பிறகு புதருக்குள் பார்த்தார்.

"என்ன மேஸ்திரி இது? களை பறிக்கலையா?"

"இல்லைங்க, துரை."

"நீங்களா?"

"நானேதாங்க."

துரைக்கு நம்ப முடியவில்லை. "சரி. ஆனா ஒண்ணொண்ணுக்கும் பேர் வேணும். பேர் இல்லாம எழுதமாட்டேன்."

மேஸ்திரி பின்னால் நின்ற தெய்வானையைப் பார்த்தார். அவள் முன்னால் வந்தாள்.

"ஐனிப்பலா. மேல் சோலையிலேருந்து மரநாய் கொண்டுவந்தது."

துரை எழுதினார்.

"நீர்நாவல். வெள்ளத்துல வந்து ஒதுங்கினது. கருங்குங்கிலியம். இதுவும் மேல இருந்துதான். அது காட்டு ஜாதிக்காய், கீழ் சோலையில இருக்கிறது. இங்க ஏறி வந்திருக்கு பாருங்க."

பேனா ஓடியது. மேஸ்திரி ஒவ்வொரு பேருக்கும் உள்ளுக்குள் துள்ளினார். பதினேழு. இருபத்திரண்டு. இருபத்தாறு. மேட்டில் சவரியம்மாவும் மற்றவர்களும் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இருபத்தொன்பதில் கரை முடிந்தது. முன்னால் கீழ் சோலை.

மூன்று பேரும் நின்றார்கள்.

"இது?" என்றார் துரை.

தண்ணீருக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி நின்றது. செக்கச்செவேலென்று தளிர் தொங்கியது.

தெய்வானை மண்டியிட்டாள். இலையைத் திருப்பிப் பார்த்தாள். தண்டைத் தடவினாள். வெகுநேரம் ஆயிற்று.

"தெரியலை" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "மேல் சோலையிலயும் இல்லை, கீழ் சோலையிலயும் இல்லை. நான் பார்த்ததே இல்லை."

துரை பேனாவை மூடினார். அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

"ஒண்ணுதான் குறையுது, மேஸ்திரி. ஆனா சொன்ன சொல்லு சொல்லுதான்."

மேஸ்திரி செடியின் முன்னால் குந்தினார். உதிர்ந்து கிடந்த ஓர் இலையை எடுத்துக் கசக்கினார். முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார்.

பிறகு சிரித்தார். ஆற்றுச் சத்தத்தையும் மீறி, மேட்டில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்.

"கோடாலிமுறிச்சான்!"

"என்னது?"

"கோடாலிமுறிச்சான், துரை! இதே கரையில பன்னிரண்டு மரம் நின்னுச்சு. மூணு ஆள் கைகோத்தாத்தான் ஒண்ணைக் கட்டிப்பிடிக்கலாம். கடைசி மரத்துக்கு மட்டும் ரெண்டு கோடாலி முறிஞ்சுது. மாங்காயும் கற்பூரமும் கலந்த மாதிரி ஒரு வாசம், மலை பூரா. ஒரு வாரம் போகலை."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மேஸ்திரியின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சிரிப்பு நிற்கவில்லை.

"வெட்டச் சொன்னவன் நான்தானே! மேஸ்திரியான முதல் வருஷம். இந்த வாயாலதான் சொன்னேன்."

அவர் செடியைப் பார்த்துக் கேட்டார்: "நாப்பது வருஷமா எங்கடா இருந்தே? எந்தக் காட்டைச் சுத்திட்டு வர்றே?"

துரை இலையை வாங்கி முகர்ந்தார். பேனாவைத் திறந்தார். பேரை எழுத்துக் கூட்டி எழுதினார். பக்கத்தில் எண்ணைப் போட்டு வட்டமிட்டார்.

"முப்பது."

மேட்டிலிருந்து குலவைச் சத்தம் கிளம்பியது. ஆரம்பித்தது சவரியம்மா. அந்த மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்குப் போய், விஷயம் தெரியாதவர்களும் சேர்ந்து குலவை போட்டார்கள். தெய்வானை இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

துரை மேஸ்திரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"கரை உங்களோடது. தைல மரம் இந்தப் பக்கம் வராது. எழுத்திலேயே தர்றேன்." ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டார். "இன்னும் ஏதாவது வேணுமா, மேஸ்திரி?"

மேஸ்திரி கண்ணைத் துடைத்தார். நிமிர்ந்து ஆற்றுக்கு அப்பால் பார்த்தார். அங்கே தேயிலை தண்ணீர்வரைக்கும் இறங்கி நின்றது.

"எதிர்க்கரை" என்றார்.