ஏழின் தோளில் ஏறிய பின்னம்

அந்தக் காலத்தில் எண்கள் பேசும், சண்டையும் போடும். தோளில் அடுக்கெண் சுமப்பதும் உண்டு. ஆனால் முழு எண்ணைத்தான் சுமக்கும். பின்னத்தைத் தோளில் ஏற்றுவது கௌரவக் குறைவு.

ஆற்றின் இக்கரையில் இரண்டு மூலக்கூரைகள் அடுத்தடுத்து நின்றன. வர்க்கமூலத்தின் மூலையில் இரண்டு என்ற இரட்டையன் காவல். கனமூலத்தின் மூலையில் மூன்று என்ற மூவன். ஒரே எண் ஜோடியாக வந்தால் இரட்டையன் இருவர் சார்பில் ஒருவரை வெளியே விடுவான். மூவனுக்கு மூவர் வேண்டும். தனியாக வந்தால் இரண்டு வாசலும் திறக்காது. வர்க்கமூலத்துக்குள் அக்கா ஏழு தனியாக இருந்தாள். கனமூலத்துக்குள் தங்கை ஏழு, அவளும் தனிதான்.

அந்த ஐப்பசியில் வெள்ளம் வந்தது. கரை இடிய ஆரம்பித்தது. படகு ஒன்றே ஒன்று, ஓட்டுபவர் சமக்குறி. ஏறும்போது இருந்த மதிப்பு இறங்கும்போதும் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் படகு கவிழும்.

"இதுதான் கடைசி நடை. ஒரு கூரையைத்தான் ஏத்துவேன். ரெண்டு கூரையை இந்தப் படகு தாங்காது," என்றார் சமக்குறி.

"அக்கா, நீ போ," என்றாள் தங்கை.

"பேசாம இரு. போனா ரெண்டு பேரும்தான்."

அந்த ஊரில் சேர்வது என்றால் பெருக்கிக்கொள்வது. தங்கையைத் தன் கூரைக்குள் அனுப்பச் சொல்லி அக்கா கெஞ்சினாள். வெளியே போகத்தான் தடை, கூரை விட்டுக் கூரை மாறத் தடை இல்லையென்று மூவன் விட்டுவிட்டான். ஏழும் ஏழும் ஒரே கூரைக்குள் நின்றதும் இரட்டையனுக்கு உற்சாகம்.

"ஜோடி சேர்ந்தாச்சு. வழக்கப்படி ஒருத்தி வெளியே போகலாம்," என்று வாசலைத் திறந்துவிட்டான்.

முழு ஏழு ஒன்று வெளியே வந்து படகில் கால் வைத்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீர் குடித்தது.

"இறங்கு, இறங்கு," என்றார் சமக்குறி. "உங்க ரெண்டு பேர் மதிப்பையும் பெருக்கினா ஐந்தும் கொஞ்சமும்தான். இங்க ஏழு ஏறுது. யாரை ஏமாத்தப் பார்க்கிறீங்க?"

சகோதரிகள் மறுபடி இருவராகப் பிரிந்து அவரவர் கூரைக்குத் திரும்பினார்கள். கனமூலத்துக்குள் இருவரும் நின்றால் மதிப்பு நாலைக்கூடத் தொடாது. அதையும் சமக்குறி சொல்லிவிட்டார். தண்ணீர் வாசல்வரை வந்துவிட்டது.

அப்போதுதான் இரட்டையன் மூலையிலிருந்து குதித்தான். இரண்டு கையாலும் கூரையைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தான். அக்கா ஏழு வெட்டவெளியில் நின்றாள்.

"கூரை செஞ்ச வேலையை இனி நான் செய்றேன். உன் தோள்ல ஒரு கோடு போடு. மேலே ஒன்று நிக்கட்டும். கீழே நான் நிக்கிறேன்," என்றான்.

"பின்னத்தைச் சுமக்கிறதா? ஊர் சிரிக்குமே."

"ஊரே தண்ணியில போகுது. சிரிக்க யார் இருக்கா?"

அவள் தோளில் இரண்டில் ஒன்று ஏறியது. மதிப்பு மாறவில்லை.

மூவன் முறைத்தான். "மூலையில உட்கார்ந்தவன் நான். கோட்டுக்குக் கீழேயா நிக்கணும்?"

"அப்போ மூழ்கு," என்றாள் தங்கை.

மூவன் முணுமுணுத்துக்கொண்டே தன் கூரையைக் கழற்றினான். தங்கையின் தோளில் மூன்றில் ஒன்று ஏறியது.

பெருக்கும்போது தோளிலுள்ளவை கூடவேண்டும். ஆனால் கோட்டுக்குக் கீழே நின்றவர்கள் வேறு வேறு என்பதால் பாதியும் மூன்றில் ஒன்றும் அப்படியே கூடவில்லை. காவலர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உன் பேரையும் விடு, என் பேரையும் விடுறேன்," என்றான் இரட்டையன். "ரெண்டு பேரும் சேர்ந்து ஆறு ஆவோம்."

பாதி, ஆறில் மூன்றாயிற்று. மூன்றில் ஒன்று, ஆறில் இரண்டாயிற்று. கூட்டினால் ஆறில் ஐந்து. அதைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு ஏழு படகில் ஏறியது. அக்கா யார், தங்கை யார் என்று சமக்குறிக்கே தெரியவில்லை. படகு ஆடவில்லை.

அக்கரையில் அந்த ஏழு மறுபடி ஒரு கூரை போட்டுக்கொண்டது. கோட்டுக்குக் கீழே நின்ற ஆறு மூலையில் காவல் உட்கார்ந்தது, மேலே நின்ற ஐந்து மட்டும் கூரைக்குள் ஏழின் தோளில் தங்கியது. இரட்டையனையும் மூவனையும் பிறகு யாரும் பார்க்கவில்லை.

அன்று முதல்தான் வெவ்வேறு மூலக்கூரைகளில் இருக்கும் எண்கள் ஒன்றுசேர நினைத்தால் முதலில் கூரையை இறக்கிவைக்கின்றன. மூலையில் உட்கார்ந்திருந்த காவலன் பின்னத்தின் அடியில் போய் நின்று சுமக்கிறான்.