செம்பியின் கையைப் பார்க்க வந்தவர்கள்

மலையோரக் காடு ஒன்றில் செம்பி என்ற மந்தி தன் குட்டியோடு இருந்தது. ஒருநாள் இலந்தைப் பழம் பறிக்கப் போன இடத்தில், முள் அதன் உள்ளங்கையை நீளமாகக் கிழித்துவிட்டது.

ஓடை வற்றிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு மாதத்தில் கூட்டம் முழுவதும் பெரும்பள்ளத்தைத் தாண்டி அடுத்த மலைக்குப் போயாக வேண்டும். தாவும்போது எதிர்க்கரை மூங்கிலை ஒரே பிடியாகப் பிடிக்க வேண்டும். பிடி நழுவினால் கீழே பாறைதான். வயிற்றில் தொங்கும் குட்டியும் சேர்ந்து விழும்.

குரங்குகளுக்கு ஒரு வழக்கம் உண்டு, குழந்தைகளே. யாருக்காவது புண் வந்தால், எல்லாக் குரங்கும் வந்து அதை விரித்துப் பார்த்துவிட்டுத்தான் போகும். பார்க்காமல் போனால் பாசம் இல்லையாம்!

"ஐயோ பாவம், காட்டு பார்க்கலாம்" என்று பெரியப்பா குரங்கு புண்மேல் காய்ந்திருந்த பொருக்கைப் பிய்த்தது.

"எனக்குச் சரியாகத் தெரியவில்லையே" என்று அத்தைக் குரங்கு இன்னும் கொஞ்சம் விரித்தது.

யாரும் வராத நேரத்தில் செம்பியே நோண்டிப் பார்த்தது. "ஆறவே இல்லையே! என் கண்ணே, உன்னை எப்படித் தூக்கிக்கொண்டு தாவுவேன்?"

பத்தே நாளில் புண் இரண்டு மடங்கானது.

பக்கத்து வளையில் ஒரு முள்ளம்பன்றி இருந்தது. அதற்கு அன்பாகப் பேசவே வராது. செம்பியின் புலம்பலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய் வெளியே வந்தது.

"ஏய் செம்பி! உன் தோலுக்கு அடியில் கண்ணுக்கே தெரியாத நெசவாளிகள் இருக்கிறார்கள். காயம் பட்டதும் ஊர்ந்து வந்து நார் பின்னுகிறார்கள். கிழிந்த இரண்டு ஓரத்தையும் பிடித்து இழுக்கிறார்கள். பொருக்குதான் அவர்களுக்குக் கூரை. நீங்கள் தினமும் கூரையைப் பிய்த்து, பின்னிய நாரையும் அறுத்துவிட்டு, ஏன் இன்னும் முடியவில்லை என்று ஒப்பாரி வைக்கிறீர்கள்!"

செல் என்று பாடத்தில் படிப்பீர்களே, அவைதான் அந்த நெசவாளிகள்.

"சொந்தக்காரர்களைப் பார்த்து வராதீர்கள் என்று எப்படிச் சொல்வது?" என்று கேட்டது செம்பி.

"நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். என் பக்கத்தில் வந்து உட்கார்."

மறுநாள் பெரியப்பா பாசமாகக் கையை நீட்டியது. முள்ளம்பன்றி சிலிர்த்தது. "ஆ!" விரலில் இரண்டு முள். அதன்பிறகு அத்தை தூரத்தில் நின்றே நலம் விசாரித்துவிட்டு ஓடியது.

சில நாள் கழித்துக் கை அரித்தது. செம்பி பதறியது. "உள்ளே என்னவோ ஆகிவிட்டது! ஒரே ஒரு தடவை திறந்து பார்க்கிறேனே?"

"பார். அப்படியே போய்ப் பள்ளத்தையும் எட்டிப் பார்" என்றது முள்ளம்பன்றி.

செம்பி குட்டியின் முகத்தைப் பார்த்தது. விரல்களை மெல்ல மூடிக்கொண்டது.

தாண்டும் நாள் வந்தது. எல்லாரும் தாவி முடித்தபின் செம்பி மட்டும் விளிம்பில் நின்றது. குட்டி இறுகக் கட்டிக்கொண்டது. செம்பி கண்ணை மூடித் தாவியது.

மூங்கில் வளைந்தது, ஆடியது. ஆனால் கை விடவில்லை.

அக்கரையில் சொந்தபந்தம் முழுவதும் ஓடி வந்து சூழ்ந்துகொண்டது. "ஆறிவிட்டதா? காட்டு, காட்டு!"

செம்பி சட்டென்று கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தது.

"ஆறிக்கொண்டிருக்கிறது பெரியப்பா. உள்ளே இன்னும் வேலை நடக்கிறது."

நீதி: ஆறுகிறதா என்று கிளறிக்கொண்டே இருந்தால் எந்தப் புண்ணும் ஆறாது.