கன்னத்தில் ஒளித்த தண்ணீர்

கோடையில் காய்ந்து கிடந்த ஒரு காட்டில், மருதமரத்தடியில் ஒரு தாய்க்குரங்கு கண் சொருக உட்கார்ந்திருந்தது. மடியில் அதன் குட்டி பொட்டு. அழுகிய மாம்பழத்தைத் தின்றுவிட்டு, நேற்றிலிருந்து பொட்டுவுக்கு ஓயாத வயிற்றுப்போக்கு.

குன்றின் மேலே குகையில் இருக்கும் கரடி வைத்தியர் கண்டிப்பானவர். தாய் போய்க் கேட்டபோது, உப்பும் கரும்புச் சாறும் அளவாகக் கலந்த தண்ணீரைக் கொட்டாங்கச்சியில் ஊற்றிக் கொடுத்தார்.

"இதைக் குடிக்காம விட்டா உடம்பு வத்திடும். மூத்திரம் நின்னுபோச்சுன்னா உடனே இங்க தூக்கிட்டு வந்துடு" என்றார்.

குட்டி குடித்தால்தானே! "சீ, உப்பு! வேணாம் போ!" என்று துப்பியது. தாய் கொஞ்சிப் பார்த்தது, கெஞ்சிப் பார்த்தது. பொட்டு கையால் தட்டிவிட்டதில் பாதித் தண்ணீர் மண்ணுக்குப் போனது. தாய் குன்றேறி நிரப்பிக்கொண்டு வந்தது. மறுபடியும் தட்டு, மறுபடியும் குன்று. பாவம், அதற்கு அழக்கூடத் தெம்பில்லை.

அந்தப் பக்கமாக யானை வந்தது. எதையும் பலத்தால் முடித்துவிடலாம் என்பது அதன் நினைப்பு.

"இதுக்கா இப்படி உக்காந்திருக்க தங்கச்சி? ஒரே மூச்சுல ஊத்திடறேன் பாரு!"

"பாத்து அண்ணே, சின்னப் புள்ள..."

சொல்லி முடிப்பதற்குள் யானை தும்பிக்கையால் ஊற்றிவிட்டது. பொட்டுவுக்குப் புரையேறியது. ஊற்றியதோடு வயிற்றில் இருந்த கொஞ்சநஞ்சமும் வாந்தியாக வெளியே வந்தது.

"ரொம்ப நல்ல உதவி அண்ணே. கிளம்புங்க" என்றது தாய்.

வெயில் ஏறியது. காலையிலிருந்து பொட்டு மூத்திரம் போகவில்லை. அழுதது, ஆனால் கண்ணீர் வரவில்லை. வைத்தியர் சொன்னது தாய்க்கு நினைவு வந்தது. குட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தது. இரண்டடி வைக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டது. நடக்கத் தெம்பு வேண்டுமே என்று கொட்டாங்கச்சியில் மிஞ்சியிருந்ததில் தானே ஒரு வாய் உறிஞ்சி, குரங்குப் பழக்கத்தில் கன்னத்தில் அடக்கிக்கொண்டது.

பொட்டு கண்ணைத் திறந்து அந்த உப்பிய கன்னத்தையே பார்த்தது.

குரங்குகளைத்தான் உங்களுக்குத் தெரியுமே, பிள்ளைகளே! கையில் கொடுப்பதை வீசி எறியும். அடுத்தவர் கன்னத்தில் இருப்பதைத் தோண்டித் தின்னும்.

"அம்மா, வாயில என்ன?"

தாய் ஒன்றுமில்லை என்று தலையாட்டியது. பொட்டு அதன் உதட்டுக்குள் விரலை விட்டு, நனைந்த விரலைச் சப்பியது. மறுபடியும் விட்டது.

தாய்க்குச் சட்டென்று புரிந்தது. வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, கீழே கிடந்த பனம்பழ நார் கொஞ்சம் எடுத்து, கொட்டாங்கச்சித் தண்ணீரில் நனைத்துக் கன்னத்தில் ஒளித்துக்கொண்டது.

"இது என்னோடது. உனக்குக் கிடையாது!"

"எனக்குத்தான்!" என்று பிடுங்கிச் சப்பியது பொட்டு.

குட்டியை இடுப்பில் வைத்து நடந்தபடியே தாய் நாரை நனைக்க, பொட்டு பிடுங்க, இருவரும் மெல்ல மெல்லக் குன்றேறினார்கள். சொட்டுச் சொட்டாக உள்ளே போனது எதுவும் வெளியே வரவில்லை.

குகை வாசலில் தாயின் இடுப்பு வெதுவெதுப்பாக நனைந்தது.

"அடடா, மேலெல்லாம் நனைச்சுட்டானா?" என்றார் கரடி.

"நனைச்சுட்டான் வைத்தியரே! என் புள்ள நனைச்சுட்டான்!" என்று சிரித்தது தாய். குட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஈரத்தைக்கூடத் துடைக்காமல் அங்கேயே சாய்ந்து தூங்கிப்போனது.

நீதி: நோயுற்ற குழந்தைக்கு அதட்டி ஊற்றும் குடத்தைவிட, அது ஆசைப்பட்டுச் சப்பும் சொட்டே உயிர் காக்கும்.