அடுக்கியின் நெற்றி வெறுமையான கதை

அந்தக் காலத்தில் கணினிக்குள் குடியிருந்தவை எல்லாம் வாய்விட்டுப் பேசும். பட்டியல்களை ஒழுங்காக நிறுத்திவைப்பது அடுக்கிகள் என்ற செயல்முறைகளின் வேலை. முதலில் பிறந்தவன் எண்ணடுக்கி. எண்களை மட்டும்தான் தொடலாம் என்று அவன் நெற்றியில் எழுதியிருந்தது. பெயர்ப் பட்டியல் வந்தபோது, அவனை எழுதியவர்கள் அவனை அப்படியே நகலெடுத்து, நெற்றி எழுத்தையும் ஒப்பிடும் விதத்தையும் மட்டும் மாற்றி, ஒரு தம்பியை உண்டாக்கினார்கள். தேதிகளுக்கு இன்னொரு தம்பி. ஊர்களுக்கு இன்னொருவன்.

அண்ணனிடம் ஒரு கோளாறு இருந்தது. வந்து நிற்பவர்களில் கடைசி ஆளைப் பார்க்காமலே நின்றுவிடுவான். ஒருநாள் அதைச் சரிசெய்தார்கள். தம்பிகளை மறந்துவிட்டார்கள்.

பெயர்கள் பக்கம் அழுகுரல் கேட்டு எண்ணடுக்கி ஓடினான். கடைசியாக வந்த துளசிமணி என்ற சின்னப் பெயர் தனியாக நின்றாள். வரிசையில் சேராததை, வேலை முடிந்ததும் அழித்துவிடுவார்கள்.

“ஏன்டா, இவளை விட்டுட்டே?”

“உன்னைப் பார்த்துத்தானே என்னை எழுதினாங்க?” என்றான் பெயரடுக்கித் தம்பி. “உன் நோவும் சேர்ந்து வந்துச்சு. மருந்து மட்டும் உனக்கு!”

அண்ணனுக்குச் சுருக்கென்றது.

“நீங்க என்னைப் பார்க்கக் கூடாதா அண்ணே?” என்றாள் துளசிமணி.

“ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிச்சாத்தான் எனக்குப் பெரிசு சின்னது தெரியும், தாயி. உன்னை எதிலிருந்து கழிப்பேன்?”

“எதுக்குக் கழிக்கணும்? எங்களையே கேளுங்க. நான் கோமளாவுக்குப் பின்னாடி, நாச்சியாருக்கு முன்னாடி.”

இவ்வளவுதானா என்று அவன் கை நீட்டினான். உள்ளே போகிறவர்களின் நெற்றியைப் படித்துப் பார்க்கும் வாசல்காரர் கத்தினார்: “எண்ணுக்குப் பிறந்துட்டுப் பெயரைத் தொடுறியா? உன்னை உள்ளேயே விட மாட்டேன்!”

அண்ணன் துளசிமணியை ஒருமுறை பார்த்தான். பிறகு புறங்கையால் நெற்றியை அழுத்தித் துடைத்தான். எழுத்து போனது. கூட்டலும் கழித்தலும் அதோடு போயின.

“இப்ப நீ யாருக்கு ஆள்?”

“வர்றவங்க யாரோ, அவங்களுக்கு.”

வாசல்காரர் தலையைச் சொறிந்தார். “யார் முன்னாடின்னு தங்களுக்குள்ளே சொல்லத் தெரியாதவங்களைச் சேர்க்கக் கூடாது. சம்மதமா?”

“சம்மதம்.”

அவன் வரிசையின் கடைசிவரை நடந்தான். இருவர் இருவராகக் கேட்டான்: “உங்களில் யார் முன்னாடி?” துளசிமணி தன் இடத்தில் போய் நின்றாள். அடுத்துத் தேதிகள் வந்தன, ஊர்கள் வந்தன. தம்பிகள் மூச்சு விட்டு உட்கார்ந்தார்கள்.

கடைசியாக எண்கள் வந்தன.

“என்ன அண்ணே, அப்படிப் பார்க்குறீங்க? நான்தான் ஏழு!”

“இருக்கட்டும் ஐயா. உங்களுக்கும் பக்கத்துல நிக்கிறவருக்கும், யார் முன்னாடி?”

ஏழு சிரித்தது. சிரிப்பு நின்றதும் பக்கத்திலிருந்த நான்கைக் கைகாட்டியது.

அன்று முதல்தான், எல்லாப் பட்டியலுக்கும் ஒரே செயல்முறை எழுதுகிறவர்கள் அது இன்னாருக்கென்று எழுதாமல் ஓர் இடத்தை வெறுமையாக விடுகிறார்கள். வருகிறவர் யாரோ, அவர் வந்துதான் அது நிரம்புகிறது.