பூண்டு உரித்த டாக்டர்

“மருந்து ஏத்தி வலியைக் கூட்டிட்டா சீக்கிரம் முடிஞ்சிடுமே, மேடம்?” என்று கேட்டார் டாக்டர் அருளப்பன்.

“யாருக்குச் சீக்கிரம்?” என்றார் டாக்டர் பிலோமினா.

அருளப்பன் பிரசவ அறைப் பக்கம் திரும்பினார்.

உள்ளே இருந்தவள் அவருடைய மனைவி தேன்மொழி. அருளப்பனே மகப்பேறு மருத்துவர். சொந்தமாக ஆஸ்பத்திரி வைத்திருந்தார். அங்கே தானாகப் பிறந்த பிள்ளையைக் கண்டவர் யாருமில்லை. “உங்க கை சும்மா இருக்காது” என்று சொல்லிவிட்டு, தேன்மொழி தலைப்பிரசவத்துக்கு அரசு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள்.

ஊர் சிரித்தது. அங்கே பிரசவம் பார்க்கும் பிலோமினாவிடம் தொழில் நுணுக்கம் கற்கப் போகிறேன் என்று அருளப்பன் ஊருக்குச் சொல்லிவைத்தார். பிலோமினா அவரைவிடப் பத்து வயது இளையவர்.

“கத்துக்கத்தானே வந்தீங்க?”

வராந்தா பெஞ்சில் அவரை உட்காரவைத்து, மடியில் ஒரு முறம் பூண்டை வைத்தார் பிலோமினா. பிள்ளை பெற்றவளுக்குக் குழம்பு வைக்க அருளப்பனின் மாமியார் கொண்டுவந்திருந்த பூண்டு.

“உரிங்க.”

உரித்தார்.

சற்று நேரத்தில் எழுந்தார். “பனிக்குடத்தையாவது உடைச்சு விட்டுடலாமா?”

“கையில என்ன?”

“பூண்டு.”

“உட்காருங்க.”

உள்ளே தேன்மொழி அலறினாள். முறம் ஆடியது.

“குழந்தையோட துடிப்பு?”

“இப்பத்தான் பார்த்தேன். நல்லா இருக்கு.”

“அவ?”

“உங்களைத் திட்டிக்கிட்டே நடக்கிறாங்க. நல்ல தெம்பு.”

“திடீர்னு ஏதாவது ஆயிட்டா?”

“ஆபரேஷன் தியேட்டர் தயாரா இருக்கு. நானும் இருக்கேன். நீங்க பூண்டைப் பாருங்க.”

நகக்கண் எரிந்தது. சுவர்க் கடிகாரம் நகர்வதாகத் தெரியவில்லை.

“இப்படிச் சும்மா உட்காரவா மேடம் இத்தனை வருஷம் படிச்சேன்?”

“இதை மட்டும் படிக்கலை. அதான் கஷ்டமா இருக்கு” என்று சொல்லிவிட்டு பிலோமினா உள்ளே போனார்.

அருளப்பன் எழுந்தார். கதவைப் பார்த்தார். கையைப் பார்த்தார். உட்கார்ந்து அடுத்த பல்லை எடுத்தார்.

அது பாதி உரிந்திருந்தபோது பிள்ளை அழுதது.

முறம் ஒரு பக்கம், பூண்டு ஒரு பக்கம் பறக்க, உள்ளே ஓடினார். தேன்மொழியின் மார்பில் சிவக்கச் சிவக்க ஒரு பெண் குழந்தை.

அருளப்பன் இரண்டு கைகளையும் நீட்டினார்.

தேன்மொழி பிள்ளையைக் கொடுக்கவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்து முகர்ந்தாள். அடுத்த கையையும் முகர்ந்தாள்.

“பூண்டு மட்டும்தானே?”

“சத்தியமா பூண்டு மட்டும்தான்.”

“சரி, கழுவிட்டு வாங்க. தர்றேன்.”