தராசுக்காரரும் பதினேழு சீடர்களும்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கில் கறையான் புற்று வைக்கட்டும், அதில் பாம்பும் குடியேறட்டும்.

"தாயே, என் பெண்சாதியைச் சாப்பிட வைக்க ஒரு வழி சொல்லுங்க."

கேட்டவர் மாசிலாமணி, மிளகுச் சந்தையின் தராசுக்காரர். மலையிலிருந்து இறங்கும் மிளகில் பாதி அவர் கையால் நிறுத்தது.

கேட்கப்பட்டவள் நாவல்மரத்தம்மை, மலைமேல் மரத்தடியில் வாழும் சாமியாரம்மா. அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். ஆனால் மலையே தாயே என்று கூப்பிடும்போது இவர் மட்டும் எப்படிக் கூப்பிடுவார்? பழம் தின்று தின்று அவள் வாய் முழுக்கக் கருநீலம். அவள் கொட்டாவி விட்டால் பொழுது சாய்ந்ததென்று காக்கைகள் கூடு திரும்பும்.

"அவளுக்கு என்ன?"

"கண்ணாடியைப் பார்த்து, 'பானை மாதிரி ஊதிட்டேன்'ங்கிறா. முருங்கைக்காய் மாதிரி இருக்கா, தாயே. இது மனசைப் பிடிச்ச வியாதின்னு வைத்தியச்சி மருந்து கொடுக்கிறா. கஞ்சி, பத்தியம் எல்லாம் அவ பொறுப்பு."

"நீர் என்ன செய்யுறீர்?"

"சும்மா இருப்பேனா? எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வாயா எண்ணுவேன். ஒரு வாய் கூடினா கைதட்டுவேன். குறைஞ்சா அழுவேன். வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக் கொட்டகையில தொங்குற மூட்டைத் தராசுல ஏத்தி நிறுப்பேன்."

"மிளகோடயா?"

"மிளகை இறக்கிட்டுத்தான், தாயே."

அம்மை தும்மினாள்.

மாசிலாமணியின் குரல் இறங்கியது. "இப்போ கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே இருக்கா. சந்தையே திரும்பிப் பார்க்கிற மாதிரி என்னைக் கேலி பண்ணுவா, தாயே. ரெண்டு மாசமா ஒரு பேச்சு இல்லை. செங்கமலமே இல்லாமப் போயிடுவாளோன்னு இருக்கு."

"பசிக்குதா?"

"மூணு காதம் நடந்து வந்திருக்கேன். யானையைத் தோலோட தின்பேன்."

இலை போட்டார்கள். சுடுசோறு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு அப்பளம்.

சோற்றில் கை வைத்தார். எங்கிருந்தோ அம்மையின் பதினேழு சீடர்கள் வந்து அவரைச் சுற்றிக் குந்தினார்கள். மரத்தில் ஒரு குரங்கும் கன்னத்தில் கைவைத்துக் காத்திருந்தது.

"பிசையுறார்," என்றார் ஒருவர்.

"உருட்டுறார்."

"உருண்டை சின்னதா இருக்கே," என்று மூன்றாமவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முதல் வாய் உள்ளே போனது. பதினேழு பேரும் கைதட்டினார்கள்.

"கெட்டிக்காரர். எங்களுக்காக இன்னும் ஒரே ஒரு வாய்."

"நேத்து வந்தவர் அப்பளத்தை முடிச்சுட்டார்."

ஒருவர் கிளையில் தராசு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார். குரங்கு படிக்கல்லை எடுத்துக் கொடுத்தது.

"தாயே, இவங்களைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லுங்க."

"ஏன்? பிரியத்துலதானே பாக்குறாங்க?"

"பிரியந்தான். தொண்டை பூட்டிக்கிச்சே."

சொன்னவர் அண்ணாந்து தராசையே பார்த்தார். முப்பது வருஷமாக முள்ளைத்தான் பார்த்திருக்கிறார். தட்டில் இருந்துகொண்டு ஒருநாளும் பார்த்ததில்லை.

அம்மை கண்ணைக் காட்டினாள். பதினேழு பேரும் எழுந்து போனார்கள். குரங்கைத்தான் வாலைப் பிடித்து இழுத்துப் போகவேண்டியிருந்தது.

அம்மை தனக்கும் ஒரு இலை எடுத்து வந்தாள். எதிரே உட்காரவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் ஆட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அது மலையுச்சிக்குப் போய் மேகத்தை மேய்ந்துவிட்டதாம். அப்புறம் மூன்று நாளைக்கு இடி இடித்தால்தான் பால் கறக்குமாம்.

"அப்புறம்?" என்றார் மாசிலாமணி, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

ஆடு மலையிறங்குவதற்குள் அவர் இலை காலி.

"நான் என்ன செய்யணும்னு நீங்க சொல்லவே இல்லையே, தாயே?"

அம்மை கொட்டாவி விட்டாள். காக்கைகள் கிளம்பின. அவரும் கிளம்பினார்.

வீட்டுக்கு வந்ததும் மூட்டைத் தராசைக் கழற்றிச் சந்தைக்கே அனுப்பினார். அன்றிலிருந்து சாப்பாட்டு வேளையில் தன் தட்டை எடுத்துக்கொண்டு செங்கமலத்தின் கதவுக்கு இப்புறம், தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். அன்றைய சந்தைக் கதையைச் சொல்வார். சில நாள் கதவு ஒரு விரல் திறக்கும். சில நாள் திறக்காது. திறக்காத நாளிலும் கதை உண்டு. வைத்தியச்சி தன்பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தாள்.

ஐப்பசி மாதம் ஒருநாள் சொன்னார்:

"இன்னைக்கு மிளகு மூட்டை ஒண்ணு அவிழ்ந்து காத்துல பறந்துச்சு. எட்டு ஊரும் ஒரே சமயத்துல தும்மினதுல ஆத்துப் பாலம் நாலடி தள்ளிப் போச்சு."

கதவு திறந்தது. யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். கிண்ணம் தரையில் உரசியது.

"பாலம் தள்ளிப் போச்சுன்னா ஆறு எங்கே போச்சு? பொய் சொல்லவும் ஒரு சாமர்த்தியம் வேணுங்க. அது உங்க பரம்பரையிலேயே கிடையாது."

குரல் தெளிவாக இல்லை. வாயில் என்னவோ இருந்தது.

மாசிலாமணியின் கழுத்து தானாகத் திரும்பப் போனது. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்தார்.

"ஆறா?" என்றார். "அந்தக் கூத்தை ஏன் கேக்குற..."

பாலம் தள்ளிப் போன கதையைச் சொன்னது யாரென்று மட்டும் வெளியே விட்டுவிடாதீர்கள். பாலம் கட்டினவர்கள் இன்னும் ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.