துத்தநாகத்துக்கு ஏன் சாயம் பூசுறதில்லை

அந்தக் காலத்துல இரும்பு துருப்பிடிக்காது. ஆனா பேசும். காத்தும் தண்ணியும் மண்ணும்கூடப் பேசும். யாரு சொல்றதை யாரு கேக்கறதுங்கறதுதான் சிக்கல்.

செக்கச் செவேல்னு தேரின்னு ஒரு மணல்மேடு. அதோட ஓரத்துல, கடலைப் பாத்து சேந்தன்னு ஒரு படகுக்காரன் குடியிருந்தான். பெரிய படகு கட்ட ஆசைப்பட்டு, தேரிமண்ணை அள்ளி உலையில போட்டு, உள்ள தூங்கிக்கிட்டிருந்த இரும்பை வெளிய எடுத்தான்.

"என் பிள்ளையை எப்பத் திருப்பி விடுவே?"ன்னு தேரி கேட்டா.

"படகு கட்டி முடியட்டும் ஆத்தா."

படகு முடிஞ்சுது. அடிப்பலகைகளை எல்லாம் சேர்த்துப் பிடிச்சிருந்தது அந்த இரும்புச் சட்டம்தான். அதைக் கழட்டினா படகு வெறும் விறகு. அதனால சேந்தன் தேரிப்பக்கம் போறதையே விட்டுட்டான்.

தேரி காத்தை அனுப்பினா. வெறுங்கையோட வந்துச்சு. தண்ணியை அனுப்பினா. அதுவும் அப்படியே. "ரெண்டு பேரும் சேந்து போங்க. உப்பையும் கூட்டிக்கங்க, அவன் பேசினா யாரும் மயங்கிடுவாங்க"ன்னா.

மூணு பேரும் ஒண்ணாக் கூப்பிட்டதும் இரும்பு இளகிடுச்சு. பொடிப்பொடியா, செம்மண்ணாவே உதிர ஆரம்பிச்சுது. கடல்ல படகு தண்ணி எடுக்க, சேந்தனும் அவன் பொண்டாட்டி நாச்சியும் இறைச்சு இறைச்சு உயிரோட கரை சேந்தாங்க.

"ஏலே இரும்பு, எங்களைக் கொல்லப் பாக்கியா?"

"ஆத்தா கூப்பிடுதா அண்ணாச்சி. நான் என்ன செய்ய?"

"காதைப் பொத்திக்கலே!"

சுறா எண்ணெயில குங்கிலியத்தைக் காய்ச்சி இரும்பு மேல பூசினான். காதை அடைச்ச மாதிரிதான். ஆனா படகு மணல்ல உரசும், பூச்சுல கீறல் விழும், கீறல் வழியா ஆத்தா குரல் கேட்டுடும்.

வலைக்குப் பாரமாக் கிடந்த துத்தநாகக் கட்டி அப்பத்தான் வாயைத் திறந்துச்சு. "என்னை இரும்பு அண்ணன் மேல ஒட்டிப் பூட்டுங்க. நானும் மண்ணு பெத்த பிள்ளைதான். கூப்பிட வர்றவங்களோட நான் முதல்ல போறேன்."

"நீ போனா ஆத்தா இவனை மறந்துடுவாளாக்கும்?"ன்னான் சேந்தன்.

"மறக்க மாட்டா. ஆனா வாசல்ல ஒரு பிள்ளை வந்து நின்னா, அவனோட பேசி முடிக்கிறவரைக்கும் அடுத்தவனைத் தேட மாட்டா."

பூட்டினாங்க. சொன்னபடியே இரும்பு அப்படியே இருந்துச்சு, துத்தநாகம் குழிகுழியாத் தேஞ்சுது. படகைக் கரையேத்தறப்பல்லாம் சேந்தன் அதைப் பாப்பான், சோறு இறங்காது. கடைசியில ஒருநாள் எண்ணெய்ச் சட்டியை எடுத்துக்கிட்டுப் போய், துத்தநாகத்துக்கும் தடிமனாப் பூசிவிட்டான்.

"பூசிவிடச் சொல்லி அது கேட்டுச்சா?"ன்னா நாச்சி.

"நன்றின்னு ஒண்ணு வேண்டாமா?"

"வாசல்ல நிக்கிற பிள்ளையை உள்ள தள்ளிப் பூட்டிட்டீங்க. வர்றவங்க இப்ப யாரைக் கூப்பிடுவாங்க?"

சேந்தனுக்கு அது பொம்பளைப் பேச்சாப் பட்டுச்சு. நடுக்கடல்ல கணுக்கால் நனைஞ்சப்பத்தான் பேச்சு புரிஞ்சுது. அடிப்பலகை இடுக்குல நாச்சி கையை விட்டா. செம்மண் குழம்பு.

"இறங்குங்க. உங்க நன்றியை நீங்களே சுரண்டுங்க"ன்னா. அவ இறைக்கிறதை நிறுத்தலை.

சேந்தன் கத்தியைக் கடிச்சுக்கிட்டுக் குதிச்சான். மூச்சு முட்ட முட்ட, மேல வந்து வந்து, பூச்சைச் சுரண்டினான். வெள்ளையா ஒரு ஓரம் தெரிஞ்சதுமே துத்தநாகம் பேசுச்சு: "என்ன அண்ணாச்சி, வேலை நேரத்துல வாயைக் கட்டிட்டீங்களே?"

"நீ தேயறதைப் பாக்க முடியலைடா."

"அப்போ பாக்காதீங்க. நான் தேய்ஞ்சாத்தான் நீங்க வீடு போவீங்க."

சேந்தன் மிச்சத்தையும் சுரண்டினான். வந்தவங்க துத்தநாகத்துப் பக்கம் திரும்பினாங்க. இரும்பு உதிர்றது நின்னுச்சு. ரெண்டு பேரும் கரை சேந்தாங்க.

அன்னைக்குப் பிடிச்சுத்தான் இரும்பு, காத்தும் தண்ணியும் சேந்து வந்து கூப்பிட்டா மண்ணாகப் பாக்குது. படகுக்காரங்களும் அடிப்பாகம் பூராச் சாயம் அடிச்சிட்டு, துத்தநாகக் கட்டி கிட்ட வந்ததும் கையை நிறுத்திக்கிறாங்க. அது தேஞ்சு தீந்தா, மிச்சத் துண்டைக் கொஞ்ச நேரம் கையில வச்சிருந்துட்டு, புதுசு ஒண்ணைப் பூட்டுறாங்க.